புகைக்குக் கட்டிய வீடும் வாயு வந்த அடுப்படியும்

2021 நவம்பர் மாத மழை கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். விடாத மழை. சிதம்பரம் வீட்டில் அம்மா தனியாக இருந்தார். நான் சென்னையில், வீட்டிலிருந்தே வேலை. இரவு ஏழரை மணி வாக்கில் அம்மாவிடமிருந்து போன்.

"ஒண்ணும் இல்லப்பா. கேஸ் வாடை அடிக்குதுன்னு எதிர்வீட்டு அக்கா வாசல்ல நின்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. என்ன பண்ணட்டும்?"

அம்மாவுக்குத் தெரியாததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் மே மாதம் கோவிட் வந்துபோனதில் மோப்பம் போய்விட்டது. காபி வாசனை மட்டும் பாதி திரும்பியிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. "ஜன்னலைத் தொறம்மா. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு" என்றேன்.

போனில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "அம்மா, சுவிட்சுல கை வைக்காதீங்க! மொதல்ல வெளில வாங்க!" பிறகு அம்மா போனை வைத்துவிட்டார். அடுத்த பத்து நிமிஷம் நான் எப்படி இருந்தேன் என்று எழுதப் போவதில்லை.

நடந்தது இதுதான். எதிர்வீட்டு அக்கா அம்மாவைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கூடத்தில் சாமி மாடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் குளிரவைத்தார். வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார். சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போய், அந்தக் கதவையும் திறந்து, அடுப்படிக்குள் நுழைந்து ரெகுலேட்டரைக் கழற்றினார். சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டு அழுத்தினார். எந்த சுவிட்சையும் போடவில்லை, எதையும் அணைக்கவும் இல்லை. மறுநாள் காலை வந்த மெக்கானிக், சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருப்பதைக் காட்டினார். அன்று மத்தியானம்தான் அம்மா சிலிண்டர் மாற்றியிருந்தார்.

அக்கா கல்யாண மண்டபங்களில் சமையல் கோஷ்டியோடு வேலைக்குப் போகிறவர். நான் பி.ஈ. படித்தவன். ஒரு சிஸ்டம் விழுந்தால் முதல் ஐந்து நிமிஷத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது என் வேலையில் ஒரு பாகம். அப்படியிருந்தும் என் வாயிலிருந்து "ஃபேனைப் போடு" என்று ஏன் வந்தது? அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

வீடு

முதல் காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று நீளமாகப் போகும். அடுப்படியில் ஜன்னல் இருந்தால் உயரத்தில் இருக்கும். கூரையை ஒட்டி ஒரு புகைபோக்கியோ, ஓட்டை விட்ட சுவரோ இருக்கும். புகை மேலே போகும் என்று தெரிந்த கொத்தனார் கட்டிய வீடு அது.

புகை நேர்மையான எதிரி. கண்ணுக்குத் தெரியும், கண்ணைக் கரிக்கும், மேலே ஏறும். விறகடுப்புக் காலம் முழுக்க நம் உடம்பு பழகியது இதற்குத்தான். புகைந்தால் மேல் ஜன்னலைத் திற, விசிறு. மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தபோதும் பெரிதாக மாறவில்லை. எண்ணெய் ஒழுகினால் தரையில் தெரியும். எக்ஸாஸ்ட் ஃபேன் என்பது அந்தப் பழைய புகைபோக்கிக்கு மின்சாரம் கொடுத்தது, அவ்வளவுதான்.

சமையல் எரிவாயு 1950களின் நடுவில் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் மூலம் இந்திய வீடுகளுக்கு வந்தது. இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு 1965 அக்டோபர் 22 அன்று கல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கு 80களில் வந்தது. அப்பா பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். வந்த அன்று சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். விறகடுப்பு இருந்த அதே மேடைக்குக் கீழே அதை வைத்தோம். வீடு மாறவில்லை, எரிபொருள் மட்டும் மாறியது.

சிதம்பரம் ஆகாயத் தலம். ஆனால் சிலிண்டர் வாயு ஆகாயத்துக்குப் போகாது. புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் கலந்த இந்த வாயு காற்றைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவும், பள்ளம் தேடும், சாக்கடைக்குள் இறங்கும். உயரத்தில் இருக்கும் ஜன்னலைத் திறப்பதால் அதற்குப் பெரிய நஷ்டம் இல்லை. தரையோடு திறக்கும் கொல்லைக் கதவுதான் அதற்கு வழி.

ஒரு சின்னக் கணக்கு. காற்றில் ஏறத்தாழ 1.8 சதவீதத்துக்கு மேல், 9.5 சதவீதத்துக்குள் இந்த வாயு இருந்தால்தான் பற்றும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அடுப்படி என்றால் சுமார் 28 கன மீட்டர். அதில் 1.8 சதவீதம் அரை கன மீட்டர். எடையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் பதினாலில் ஒரு பங்கு கசிந்தால் அடுப்படி முழுவதுமே பற்றும் நிலைக்கு வந்துவிடும். ஆனால் வாயு அறை முழுக்க ஒரே சீராகக் கலப்பதில்லை. தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மட்டும் தேங்குவதாக வைத்துக்கொண்டால் 100 கிராமே போதும். மழைக்காக எல்லாக் கதவையும் சாத்திய வீட்டில், முற்றத்தையும் ஷீட் போட்டு மூடிய பிறகு, அந்த 100 கிராம் எங்கும் போகாது.

இதில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் என்ன ஆகும்? சுவிட்சுக்குள் ஒரு சின்னப் பொறி. பற்றுவதற்கு அது போதும். நான் அம்மாவிடம் சொன்னது அதைத்தான்.

மூக்கு

நாம் "கேஸ் வாடை" என்று சொல்வது கேஸின் வாடை இல்லை. புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளி சேர்க்கிறார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இருந்தால்கூட மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு சேரும்போதே வாடை தெரிய வேண்டும் என்பது பொதுவான விதி.

வாடை சேர்ப்பது சட்டமாவதற்கு ஒரு பள்ளிக்கூடமே போக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு எண்ணெய்க் கிணற்று ஊர். அந்த ஊர்ப் பள்ளியில் செலவை மிச்சம் பிடிக்க, எண்ணெய் நிறுவனத்தின் குழாயிலிருந்து வீணாகப் போகும் வாயுவை இழுத்து வகுப்பறைகளைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். அதில் வாடை இல்லை. கட்டிடத்துக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் கசிந்து சேர்ந்ததை யாரும் உணரவில்லை. 1937 மார்ச் 18 பிற்பகல், தச்சுப் பட்டறையில் ஒரு ஆசிரியர் மின்சார இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். சில வாரங்களிலேயே டெக்சாஸ் அரசு எரிவாயுவில் வாடை சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதே வருஷம் இன்னொரு சட்டமும் வந்தது: பதிவு பெறாதவர்கள் தங்களைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பி.ஈ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் நான் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஒரே எச்சரிக்கைக் கருவி அந்த வாடைதான். ஆனால் அது வேலை செய்ய ஒரு மூக்கு வேண்டும். வயதானால் மோப்பம் குறையும். சளி பிடித்தால் போகும். தொடர்ந்து அதே வாடையில் இருந்தால் சில நிமிஷங்களில் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்கு உடனே தெரிவது, உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். கோவிட் வந்த வருஷங்களில் எத்தனை வீட்டில் இந்தக் கருவி சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அம்மா போன் செய்த அதே மாதம் இலங்கையிலிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன. 2021 நவம்பர், டிசம்பரில் அங்கே வீட்டு அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் நாடு முழுக்க வெடித்தன. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். உயிர்களும் போயின. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டதை முக்கியக் காரணமாகச் சொன்னது. புரொப்பேன் அதிகமானால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய கலவைக்குப் பழகிய ரெகுலேட்டரும் டியூபும் வாஷரும் புதிய அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருந்தது. வெளியே இருந்த சிலிண்டர் அதே நிறம், அதே எடை. உள்ளே மாறியது சமைக்கிறவர்களுக்குத் தெரியாது. டிசம்பரில் கப்பலில் வந்த எரிவாயுவில் எத்தில் மெர்காப்டன் போதிய அளவு இல்லை என்று இறக்க அனுமதி மறுத்ததும் நடந்தது. 84 வருஷத்துக்கு முன்னால் டெக்சாஸ் கற்ற பாடம் கொழும்புத் துறைமுகத்தில் மறுபடி தேவைப்பட்டது.

வாஷர்

மெக்கானிக் கையில் வைத்துக் காட்டிய வாஷர் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. இவ்வளவு சின்னச் சாமான் ஒரு வீட்டை எடுத்துவிடுமா என்று அம்மா கேட்டார். எடுத்திருக்கிறது, வீட்டை மட்டுமில்லை.

1968 மே 16, லண்டனின் கிழக்குப் பகுதியில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. ஜனங்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி விடியற்காலை தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தார். சுவர்கள் வெளியே பிய்த்துக்கொண்டு போக, கட்டிடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். குச்சி கிழித்தவர் பிழைத்துக்கொண்டார். விசாரணையில் அகப்பட்ட குற்றவாளி, அடுப்பையும் டியூபையும் இணைத்த ஒரு பித்தளை நட்டு. தரத்துக்குக் கம்மியான நட்டு உடைந்து, இரவில் வாயு கசிந்திருக்கிறது. வெடிப்பு அப்படியொன்றும் பெரிதில்லை என்றும், ஒரு சுவர் போனதும் மற்றதெல்லாம் சரியும்படி கட்டிடம் இருந்ததே பெரிய குறை என்றும் கண்டார்கள். அதன் பிறகு பிரிட்டனில் கட்டிட விதிகளே மாறின.

என் தொழிலில் இதற்கு ஒரு பேர் உண்டு: ஒற்றைப் புள்ளித் தோல்வி. அந்த ஒன்று போனால் எல்லாம் போகும். நம் அடுப்படியில் அப்படி மூன்று இடம் இருக்கிறது. வால்வுக்குள் வாஷர், ரெகுலேட்டர் உட்காரும் இடம், டியூப். சிலிண்டர் வந்ததும் மூடியைத் திறந்து, உள்ளே வாஷர் இருக்கிறதா, வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் போதும். ரெகுலேட்டரை மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு இருக்கும் இடத்தில் நுரை எழும்பும். டியூபுக்கு ஆயுள் ஐந்து வருஷம். தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். எழுத்து அந்த வருஷத்தின் காலாண்டு. சிலிண்டரை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

போன்

சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து செய்முறை காட்டுவார்கள். ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள் அது. எரிகிற சிலிண்டர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அணைப்பதைக் காட்டுவார்கள். கைதட்டுவோம். தீ எனக்குத் தெரியும். தீ இல்லாமல் கசிகிற சிலிண்டரைப் பற்றி மட்டும் என் மனசில் ஒரு படமும் இல்லை. பார்க்க எதுவும் இல்லாத ஆபத்தை மைதானத்தில் எப்படிக் காட்டுவது?

அதிகாரிகளுக்கு அது தெரியும். 2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்தது. வாயு கசிந்தது. போக்குவரத்தை நிறுத்தினார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கசிவை அடைத்தார்கள், மணிக்கணக்கில் பொறுமையாக இருந்து டேங்கரைத் தூக்கினார்கள். ஒரு உயிர் போகவில்லை. அங்கே அவர்கள் செய்ததைச் சுருக்கினால் இரண்டே வரி: பொறி வரும் எல்லாவற்றையும் தள்ளி வை, ஆட்களை வெளியே அனுப்பு. எங்கள் எதிர்வீட்டு அக்கா செய்ததும் அதேதான்.

வீட்டுக் கசிவுக்கென்று நாடு முழுவதற்குமான 1906 என்ற அவசர எண் 2016 ஜனவரி 1 அன்று வந்தது. இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும். தீ பற்றிவிட்டால் 101. ஆனால் பம்பாயில் முதல் சிலிண்டர் வந்து அதற்குள் அறுபது வருஷம் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் 2007இல் இலவச எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெண்களுக்கு இவை செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் பாட்டி அடுப்பு ஊதிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது வேறு. சிலிண்டர் நம் வீட்டுக்கு வந்த வேகத்தில், அதற்கான புத்தி நம் கைக்கு வரவில்லை. கை இன்னும் புகைக்காலத்தில் இருக்கிறது.

அந்த எண்ணுக்கு நீங்கள் பேசி, அங்கிருந்து ஆள் கிளம்பி வர நேரம் ஆகும். அதுவரைக்குமான நிமிஷங்கள் வீட்டில் இருப்பவர் கையிலும் பக்கத்து வீட்டார் கையிலும்தான் இருக்கின்றன. அதில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற பல்பை அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். ஃபிரிட்ஜ் தானாகவே ஓடும், நிற்கும். அதனால் உள்ளே நின்று யோசிக்கக் கூடாது. வாடை லேசாக இருந்து சிலிண்டர் கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மூடியைப் போடுங்கள். வாடை பலமாக இருந்தால் அதையும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். வரும்போது கதவுகளைத் திறந்துபோட்டு வாருங்கள். போன் தெருவில் நின்று பேசுவதற்கு.

அக்காவிடம் பிறகு ஒருநாள் கேட்டேன், இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று. "மொத நாள் வேலைக்குப் போனப்ப மேஸ்திரி சொன்னாருப்பா. மண்டபத்துல பத்து சிலிண்டர் நிக்கும்ல. கேஸ் வாடை வந்தா மொதல்ல கால் வெளில போவணும், அப்புறந்தான் கை வேலை செய்யணும்னாரு."

இப்போது அம்மா வீட்டு அடுப்படியில் கசிவைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி ஒன்று மாட்டியிருக்கிறேன், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். கடைக்காரர் அனுப்பிய ஆள் முதலில் அதைக் கூரையை ஒட்டித்தான் மாட்டப் போனார். புகைக்கு மாட்டுகிற மாதிரி. வாசல் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒரு தாளும் ஒட்டினேன்: முதலில் 1906, அடுத்து 101, கடைசியில் என் நம்பர்.

அடுத்த முறை போனபோது தாளில் அம்மா பேனாவால் திருத்தியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே எதிர்வீட்டு அக்கா நம்பர் இருந்தது. என் நம்பரை அடிக்கவில்லை. பக்கத்தில் மட்டும் எழுதியிருந்தார்: "அப்புறம் சொல்லிக்கலாம்."